உரிமம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது? – அன்றும் இன்றும்

பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்தில் ஏரிக்குப் போகிறவர்களுக்குப் பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் இறால் பிடிபடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடுவது யார் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்தச் சீட்டில் பெயர் வர வேண்டுமானால் ஊர் அவரைத் தலைக்கட்டாக ஏற்றிருக்க வேண்டும். வலை கிழிந்தாலும் பாடு போகாது. படகு உடைந்தாலும் போகாது. புது வலையோடு வந்தால் யாரும் ‘பழைய வலைக்குத்தானே உரிமை கொடுத்தோம்’ என்று கேட்பதில்லை. உரிமை ஆளோடு கட்டப்பட்டது. அதற்கு ஊரே சாட்சி. அந்த வட்டத்துக்குள் இடம் கிடைக்காத மற்றச் சமூகத்தாரின் மனக்குறையும் இந்த ஏரியில் நெடுநாளாக உண்டு. ஆனால் உள்ளே இருப்பவருக்கு உரிமை எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

இதே ஏரிக்கரைப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வேறொரு வகை உரிமம் வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகமெங்கும் ஐம்பது லட்சம் அளவுக்கு மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றால் வீட்டில் முதன்முதலாகக் கணினி வைத்த குடும்பங்கள் ஏராளம்.

கணினி வந்தால் ஒருநாள் அது மெதுவாகும், வைரஸ் வரும், ஹார்டு டிஸ்க் போகும். கடைக்கு எடுத்துப் போனால் “ஃபார்மட் அடிச்சிடலாம்” என்பார்கள். அப்போதுதான் கேள்வி எழும்: உள்ளே இருந்த விண்டோஸ் யாருடையது? அதன் சாவி எங்கே? இந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கான பதில் பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் சாவி நம் கையை விட்டு ஓர் அடி தள்ளிப் போயிருக்கிறது.

அட்டையில் எழுதிய எண்

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது சாவி என்பது சி.டி. உறையில் அச்சிட்ட ஓர் எண் மட்டுமே. கடையில் தனியாக விற்ற பதிப்பில் முதலில் மூன்று இலக்கம், பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழு இலக்கங்களையும் கூட்டினால் ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். சோதனை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை. ஒரே எண்ணை எத்தனை கணினியில் போட்டாலும் தட்டிக்கேட்க வழியில்லை. விண்டோஸ் 98இல் சாவி 25 எழுத்தாக நீண்டது. அப்போதும் அது தாளில் இருந்த சாவிதான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ சி.டி.யின் மேலேயே மார்க்கர் பேனாவிலோ எழுதி வைத்தவர்கள் பிழைத்தார்கள். எழுதாதவர்கள் அடுத்தவரிடம் கேட்டு வாங்கிப் போட்டார்கள்.

அதே காலத்தில் தமிழ் எழுத்துக்கே பூட்டு இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். டி.டி.பி. மையங்களில் தமிழில் அச்சுக்கோக்க ஸ்ரீலிபி, சி-டாக்கின் ஐ.எஸ்.எம். போன்ற மென்பொருள்களை விலைகொடுத்து வாங்க வேண்டும். கூடவே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வரும். அதைக் கணினியின் பின்புறம், பிரிண்டர் ஒயர் செருகும் 25 ஊசி முனையில் மாட்ட வேண்டும். டாங்கிள் என்பது அதன் பெயர். கடைகளில் ‘லாக்’ என்றே சொல்வார்கள். அது இருந்தால்தான் தமிழ் வரும். விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் கவலையில்லை. லாக்கை மாட்டினால் போதும். லாக் தொலைந்தாலோ பழுதானாலோ கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் நோட்டீஸ் வரை வேலை நின்றுவிடும். பிறகு புதுக் கணினிகளில் அந்த முனையே இல்லாமல் போனது. காசு கொடுத்து வாங்கி, நல்ல நிலையில் வைத்திருந்த லாக்குகள் மாட்ட இடமின்றி மேசை இழுப்பறைக்குள் கிடந்தன.

இந்தப் பூட்டு உடைந்த கதை நம் காலத்தின் நல்ல செய்திகளில் ஒன்று. விண்டோஸ் 2000இல் யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்தன. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் கொண்ட சி.டி.யைச் சென்னையில் இலவசமாக வெளியிட்டது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு, டேஸ் 16 ஆகிய எழுத்துக் குறியீடுகளைத் தன் தரமாக ஏற்றது. இன்று பழவேற்காடு மார்க்கெட்டில் இறால் விலையை வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டுகிறவர், தமிழ் தட்டச்சுக்கு ஒரு காலத்தில் சாவி தேவைப்பட்டது என்பதை அறியாமலே தட்டுகிறார். எழுத்து பொதுச்சொத்தானதும் சாவியே தேவையற்றுப் போனது. உரிமம் பற்றிய எந்தப் பேச்சிலும் இதை மறக்கக் கூடாது.

தொலைபேசியில் ஒப்பித்த எண்

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. நிலைமையை மாற்றியது. சாவியைத் தட்டினால் மட்டும் போதாது. முப்பது நாளுக்குள் ‘ஆக்டிவேட்’ செய்ய வேண்டும் என்றது. கணினியின் பிராசஸர், ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு முதலானவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணை அது உருவாக்கிக்கொள்ளும். அந்த எண்ணும் உங்கள் சாவியும் மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் ஒன்றாகப் பதிவாகும். இணையம் இல்லாதவர்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்து, திரையில் தெரியும் நீண்ட எண் வரிசையைப் பகுதி பகுதியாக ஒப்பிக்க வேண்டும். மறுமுனை இன்னொரு நீண்ட வரிசையைச் சொல்லும். அதை ஓர் இலக்கம் தவறாமல் தட்ட வேண்டும்.

உரிமம் முதன்முதலாகக் கணினியின் உடம்போடு கட்டப்பட்டது அப்போதுதான். பல உறுப்புகளை ஒருசேர மாற்றினால் ‘இது வேறு கணினி’ என்று எக்ஸ்.பி. முடிவு செய்துவிடும். நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுத்த சாவிகளுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. அப்படிப்பட்ட சாவிகளில் ஒன்று வெளியே கசிந்து, உலகம் முழுக்கப் பரவியது; நம்மூர்க் கடைகளில் இருந்த ‘எக்ஸ்.பி. சி.டி.’களில் பலவும் அதே வழியில் வந்தவைதான். 2008இல் மைக்ரோசாஃப்ட் பதிலடி கொடுத்தது: அசல் அல்லாத எக்ஸ்.பி.யில் மணிக்கு ஒருமுறை திரையின் பின்னணி கறுப்பாகிவிடும். கறுப்பை மாற்றினாலும் அடுத்த மணி நேரத்தில் திரும்ப வரும். பலருக்குத் தங்கள் கணினியில் இருப்பது அசல் அல்ல என்பதே அப்போதுதான் தெரிந்தது. காசு கொடுத்துத்தான் கணினியை வாங்கியிருந்தார்கள். அதில் விண்டோஸுக்கென்று எதுவும் போகவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

அடிப்பக்கத்து ஸ்டிக்கர்

விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பளபளக்கும் ஒரு பட்டை, விண்டோஸ் பெயர், கீழே ஐந்தைந்தாக 25 எழுத்து. அதுதான் உரிமத்தின் அத்தாட்சி. மடியிலும் பாயிலும் வைத்துத் தேய்ந்து, சூட்டில் மை மங்கி, ஏரிக்காற்றின் ஈரத்தில் ஓரம் பெயர்ந்து, தேவைப்படும் நாளில் பாதி எழுத்துதான் தெரியும்.

அழிந்த ஸ்டிக்கரைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. நேராக வெளிச்சம் அடித்தால் மினுமினுப்பில் எதுவும் தெரியாது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய கோடு தெரியும். அடுத்தது, எந்த எழுத்து வரும், எது வராது என்ற கணக்கு. விண்டோஸ் 7 வரையிலான 25 எழுத்துச் சாவிகளில் 24 குறிகள்தாம் உண்டு: 17 ஆங்கில எழுத்து, 7 எண். உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. ஒன்றோடொன்று குழம்பும் பூஜ்யமும் ‘ஓ’வும் இல்லை, ஒன்று, ‘ஐ’, ‘எல்’ இல்லை, ஐந்தும் ‘எஸ்’ஸும் இல்லை, ‘இசட்’டும் இல்லை. ஆகவே ஐந்து போலத் தெரிவது பெரும்பாலும் தேய்ந்த ஆறு. பூஜ்யம் போலத் தெரிவது ‘டி’யாகவோ ‘க்யூ’வாகவோ இருக்கலாம். உண்மையில் குழப்புவது ‘பி’யும் எட்டும், ‘ஜி’யும் ஆறும்தான். அப்படி இரண்டு இடம் சந்தேகமானால் நான்கே விதம், போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் எழுத்து முழுதாக அழிந்திருந்தால் 24 முயற்சி. இரண்டு அழிந்திருந்தால் 576. அதோடு ஸ்டிக்கரை மறந்துவிட்டு வேறு வழி தேட வேண்டியதுதான்.

வேறு வழி என்பது கணினிக்குள்ளேயே தேடுவது. விண்டோஸ் தன் சாவியை ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் மாற்றெழுத்தில் வைத்திருக்கும். அதைத் திரும்பப் படித்துக் காட்ட புரொடியூகீ, பெலார்க் அட்வைசர், மேஜிக்கல் ஜெல்லி பீன் கீஃபைண்டர் போன்ற சிறு மென்பொருள்கள் இருந்தன. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு; நிறையப் பேர் விழுந்த கண்ணி. பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே விண்டோஸ் போட்டு அனுப்பிய மடிக்கணினிகளில், ஒரே மாடலுக்கெல்லாம் பொதுவான ஒரு சாவிதான் உள்ளே இருக்கும். அது அந்த நிறுவனத்தின் பயாஸோடும் ஒரு சான்றுக் கோப்போடும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மென்பொருள் படித்துக் காட்டுவது அந்தப் பொதுச் சாவியை. ஸ்டிக்கரில் இருப்பது வேறு சாவி. உள்ளே எடுத்ததை எழுதி வைத்துக்கொண்டு, தைரியமாக ஃபார்மட் அடித்து, வேறொரு சி.டி.யிலிருந்து விண்டோஸ் போட்டால் அந்தச் சாவி ஏற்காது. ஸ்டிக்கரும் அழிந்திருந்தால் போனது போனதுதான்.

இதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஹார்டு டிஸ்கிலேயே ரெக்கவரி என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தன. கணினியைத் திறக்கும்போது குறிப்பிட்ட ஒரு விசையை அழுத்தினால், தொழிற்சாலையில் இருந்த நிலைக்கே கணினி போகும், சாவி கேட்காது. அப்படி ஒரு வசதி இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. “எல்லாப் பார்ட்டிஷனையும் தூக்கிட்டு ஃப்ரெஷ்ஷா போடுறேன்” என்று கடைக்காரர் சொன்னால் நல்லது போலத்தான் தோன்றும். அந்தத் துடைப்பில் ரெக்கவரி பகுதியும் போகும். உடன் வந்த பாஸ் லினக்ஸும் போகும். பிறகு உள்ளே ஏறுவது கிராக் விண்டோஸ். அதை ஓட வைக்க ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு கோப்பைப் போடுவார்கள். அதைப் போடும் முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பூட்டை உடைக்கும் கோப்புக்குள் வேறு என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்கும் தெரியாது. முறையான உரிமத்தோடு வந்த கணினி, ஒரே பிற்பகலில் உரிமமற்ற கணினியாகிவிடும். மாணவன் செய்த தவறு ஏதும் இதில் இல்லை. அவனுக்கு உரிமை இருந்தது; அது எங்கே இருந்தது என்று யாரும் காட்டவில்லை.

மதர்போர்டுக்குள் போன சாவி

2012இல் விண்டோஸ் 8 வந்ததும் சாவி எழுதிய ஸ்டிக்கர் மறைந்தது. சாவியைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டில் உள்ள பயாஸ் சில்லுக்குள் எழுதிவிட்டார்கள். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் விண்டோஸ் தானே சாவியைப் படித்துக்கொள்ளும். யாரும் எதையும் தட்ட வேண்டாம். ஹார்டு டிஸ்க் முழுதாகச் செத்தாலும் சாவிக்குச் சேதமில்லை. தேய்ந்த ஸ்டிக்கரோடு மல்லாடியவர்களுக்கு இது உண்மையான விடுதலை.

ஆனால் கடலோர ஊர்களில் கணினியின் உயிர்நிலையே மதர்போர்டுதான். உப்புக்காற்று முதலில் அரிப்பது செம்பு இணைப்புகளை. போர்டு போனால் பொன்னேரியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போர்டு ஒன்றைத் தேடிப் போடுவார்கள். அதோடு பழைய சாவி போகும். வந்த போர்டில் வேறு ஏதாவது சாவி இருக்கும் அல்லது எதுவும் இருக்காது. கணினியோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான்; வேறொன்றுக்கு மாற்ற முடியாது. கடையில் தனியாக விற்கும் உரிமத்தைத்தான் ஒரு கணினியிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததில் போடலாம். அதன் விலையோ மிக அதிகம். பாடு முறையில் இப்படி நடந்தால், படகு உடைந்த அன்றே அந்தக் குடும்பத்துக்கு ஏரியில் இடம் இல்லை என்று பொருள். எந்த ஊர்க்கூட்டமும் அதை ஏற்காது. மென்பொருள் உலகில் நாம் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில் அது சாதாரண ஒரு வரி.

கணக்குக்குள் போன சாவி

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்கள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி மாறியவர்களுக்குப் புதுச் சாவி எதையும் கொடுக்கவில்லை. ‘இந்தக் கணினிக்கு உரிமம் உண்டு’ என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் ஒரு பதிவு மட்டும். அதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். திரும்ப விண்டோஸ் போடும்போது சாவி கேட்டால் ‘என்னிடம் சாவி இல்லை’ என்பதை அழுத்தி, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையம் கிடைத்ததும் சர்வர் கணினியை அடையாளம் கண்டு ஆக்டிவேட் செய்துவிடும். ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் புரோ பதிப்பைப் போட்டால் மட்டும் ஏற்காது. இன்றும் கடைகளில் அதிகம் நடக்கும் பிழை இது.

2016 ஆகஸ்டில் வந்த மேம்பாட்டிலிருந்து அந்த உரிமத்தை ஒருவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கலாம். இணைத்திருந்தால், உறுப்புகளை மாற்றிய பின்பு அதே கணக்கில் நுழைந்து ‘அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்று சொல்லி உரிமத்தைத் திரும்பக் கோரலாம். உரிமத்தின் விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் அதுவும் நடக்கும். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாகப் பொருளோடு கட்டப்பட்டிருந்த உரிமம், ஒரு பகுதியாவது ஆளை நோக்கித் திரும்பியது இங்கேதான்.

அந்த ஆள் யார் என்பதில்தான் நம் ஊர்களின் சிக்கல். கடைக்காரர் விண்டோஸ் போடும்போது அது மின்னஞ்சல் கேட்கும். வாடிக்கையாளரிடம் மின்னஞ்சல் இல்லை அல்லது கடவுச்சொல் நினைவில்லை. வேலை முடிய வேண்டுமே என்று கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் அந்த நொடியில் உரிமம் அவர் பெயருக்குப் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து, அப்பாவின் செல்போன் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் செயலிழக்கும். அந்த எண் வேறொருவருக்குப் போகும். கடவுச்சொல்லை மீட்க வரும் ஓ.டி.பி. யார் கைக்கோ போகும்.

48 இலக்கம்

இன்று தொலைந்தால் உண்மையிலேயே கலங்க வேண்டிய சாவி விண்டோஸ் சாவி அல்ல. அதைவிட முக்கியமான ஒன்று ஓசையில்லாமல் உள்ளே வந்துவிட்டது. புதிய மடிக்கணினிகளில் ஹார்டு டிஸ்கில் உள்ள அனைத்தையும் மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் ஏற்பாடு இருக்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் அது பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்கும். கணினி திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ, சில வேளைகளில் பயாஸ் புதுப்பித்தாலோகூட நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஆறாறாக எட்டுத் தொகுதி. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஸ்டிக்கரில் ஊகித்தது போல இங்கே ஊகிக்க முடியாது.

விண்டோஸ் உரிமம் போனால் பணம் போட்டு வேறு வாங்கலாம். இந்தச் சாவி போனால் புராஜெக்ட், சான்றிதழ்களின் ஸ்கேன், குடும்பப் போட்டோ எல்லாம் போகும். அந்த 48 இலக்கமும் சேமிக்கப்படுவது மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான். கணக்கு கடைக்காரருடையது என்றால் நம் வீட்டுத் தகவலின் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. அன்று சாவி தொலைந்தால் மென்பொருள் போனது. இன்று சாவி தொலைந்தால் நம்முடையதே போகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான்.

ஃபார்மட் அடிப்பதற்கு முன்

செய்ய வேண்டியவை அதிகமில்லை. செய்யும் வரிசைதான் முக்கியம். முதலில் கணக்கு யாருடையது என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் இருக்கிறதா, அது கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று ஒரே வரியில் சொல்லும். வேறொருவர் மின்னஞ்சல் தெரிந்தால் அன்றே தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் இப்போது புழக்கத்தில் உள்ள செல்போன் எண்ணும் இரண்டாவது மின்னஞ்சலும் இருக்க வேண்டும். அடுத்து, கணக்கில் உள்ள 48 இலக்கத்தை அச்செடுத்தோ கையால் எழுதியோ ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்தால் பயனில்லை. எந்தப் பதிப்பு, ஹோமா புரோவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்த பிறகுதான் மற்ற வேலை.

மற்ற மென்பொருள்களுக்கும் தனித்தனி வழக்கம் உண்டு. புதிய எம்.எஸ். ஆஃபீஸ் தன் சாவியின் கடைசி ஐந்து எழுத்தை மட்டும்தான் கணினியில் வைத்துக்கொள்ளும்; முழுச் சாவியை உள்ளிருந்து மீட்க முடியாது. வாங்கிய மின்னஞ்சலோ அட்டையோதான் ஆதாரம். மீன் கம்பெனிகளிலும் ஐஸ் பேக்டரிகளிலும் கணக்கு எழுதும் டாலியில், ஃபார்மட்டுக்கு முன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்ய வேண்டும். செய்யாமல் துடைத்துவிட்டால் உரிமம் பழைய கணினியிலேயே இருப்பதாகக் கணக்கு நிற்கும்.

சர்வரை நம்பும் உரிமத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: நிறுவனம் ஒருநாள் சர்வரை நிறுத்தலாம். அடோபி தன் பழைய சி.எஸ். 2 மென்பொருளுக்கான ஆக்டிவேஷன் சர்வரை 2013 வாக்கில் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியைத் தனியாகக் கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுக்கும் என்று எந்த ஒப்பந்தமும் உறுதி சொல்வதில்லை.

சாவியே கேட்காத வழி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லோ புதிய தலைமுறை பிராசஸரோ இல்லாதவை. சாவி பத்திரமாக இருந்தும் பயனில்லாத நிலை. இவற்றுக்கு இன்னும் நல்ல வாழ்வு உண்டு, வழி லினக்ஸ்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2006–07 காலத்தில் எல்காட் நிறுவனமே, உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விலையில்லா மடிக்கணினிகளிலேயே வந்தது. லினக்ஸில் சாவி இல்லை, ஸ்டிக்கர் இல்லை, ஆக்டிவேஷன் இல்லை. போர்டு மாற்றினாலும் கேள்வி கேட்காது. லிப்ரே ஆஃபீஸ் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் செய்யும் அரசு விண்ணப்பம், படிப்பு, எழுத்து வேலை ஆகியவற்றில் பெரும்பாலானவை இதிலேயே முடியும். டாலி போன்ற சில மென்பொருள்களுக்கு விண்டோஸ் வேண்டியிருக்கலாம். அது தேவைப்படுவோர் சிலரே. தமிழ் எழுத்து பூட்டிலிருந்து விடுபட்ட அதே வழியில் கணினியும் விடுபட முடியும். கருவி நம் வீட்டிலேயே வந்து கிடந்தது, நாம்தான் துடைத்துப் போட்டோம்.

2025 மார்ச்சில் தாக்கலான பட்ஜெட்டில், கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏரிக்கரையின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் கைக்கும் அவை வரும். 2011இல் செய்யத் தவறியதை இப்போது செய்ய வேண்டும். கணினியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர் தன் பெயரில், தன் எண்ணில் கணக்குத் திறக்கட்டும். 48 இலக்கத்தைத் தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும். ரெக்கவரி எப்படிச் செய்வது, லினக்ஸுக்குள் எப்படி நுழைவது என்று ஒருமுறை செய்து பார்க்கட்டும். அந்தத் தாளைக் கல்லூரியும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தரலாம். சாட்சி இருந்தால் உரிமை நிற்கும்.

பழுது பார்க்கும் கடைக்காரர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் கணினி அறிவை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள்தான். “ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கணக்கு எதுன்னு சொல்லுங்க” என்று அவர்கள் கேட்கும் பழக்கம் வந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கணினி பழசாகும், போர்டு அரிக்கும், விண்டோஸ் பதிப்பு மாறும். மாணவருக்குக் கொடுத்த உரிமை மட்டும் அவர் பெயரோடு நிற்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கிக் கொடுக்கும் எந்த மென்பொருளுக்கும் அரசு போட வேண்டிய முதல் நிபந்தனை அதுவாக இருக்கட்டும்.